20 கேபி ரேமுக்குள் ஓர் இயங்குதளம்: கார்டெக்ஸ்-எம்3 சிப்புக்குச் சொந்தக் கெர்னல் எழுதும் முறை

சின்ன மைக்ரோகண்ட்ரோலரில் இயங்குதளம் என்றால் ஃபைல் சிஸ்டமோ லாகின் திரையோ கிடையாது. இருக்கிற ஒரே சிபியுவை மூன்று நான்கு வேலைகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று காத்திருக்கும் நேரத்தில் இன்னொன்று ஓட வேண்டும். அவசர வேலை வந்தால் மற்றவை வழிவிட வேண்டும். அவ்வளவுதான். இதைப் பார்த்துக்கொள்ளும் நிரல்தான் கெர்னல், அது நிர்வகிக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். இதற்கு சி மொழியில் முந்நூறு, நானூறு வரிகளும் அசெம்பிளியில் முப்பது வரிகளும் தாராளம். வரிகள் குறைவுதான், ஆனால் ஒரு பிட் பிசகினாலும் போர்டு மூச்சு விடாமல் உறைந்து நிற்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு கட்டமும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

விற்பனைக்குப் போகும் பொருளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு ஃப்ரீஆர்டாஸ், ஸெஃபிர் போன்ற ஆயத்த கெர்னல்கள் இருக்கின்றன, பல வருடங்களாக அடிபட்டுத் தேறியவை. ஆனால் சொந்தமாக ஒன்று எழுதிப் பார்த்தவருக்குத்தான் ஃப்ரீஆர்டாஸ் ஏன் திடீரென்று ஹார்ட்ஃபால்ட்டில் (சிபியு மேற்கொண்டு தொடர முடியாத பிழை) விழுகிறது என்பது சட்டென்று பிடிபடும்.

தேவையானவை

போர்டு: எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப் உள்ள 'ப்ளூ பில்'. 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ரேம், அதிகபட்சம் 72 மெகாஹெர்ட்ஸ். நிரல் ஏற்ற ஒரு எஸ்டி-லிங்க் வி2, அதிலிருந்து எஸ்டபிள்யூடிஐஓ, எஸ்டபிள்யூசிஎல்கே, கிரவுண்ட், 3.3 வோல்ட் என நான்கு வயர்கள். செய்திகளைப் பார்க்க 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் அடாப்டர். பூட்0 ஜம்பர் 0 பக்கம் இருக்கட்டும். கணினியில் ஆர்ம்-நன்-ஈஏபிஐ ஜிசிசி (கம்பைலர்), ஓப்பன்ஓசிடி (எஸ்டி-லிங்க் வழியாகச் சிப்போடு பேசுவது), ஜிடிபி (பிழை தேடும் கருவி) மூன்றும் வேண்டும்.

மலிவு போர்டுகளில் பல சமயம் போலி சிப்தான் இருக்கும். ஓப்பன்ஓசிடி இணையும்போது சிப்பின் அடையாள எண் 1-இல் தொடங்க வேண்டும். 2-இல் தொடங்கி, எதிர்பார்த்த எண் இல்லை என்று அது நின்றுவிட்டால் உங்கள் கையில் இருப்பது வேறு நிறுவனத்தின் நகல். கெர்னல் அதிலும் ஓடும். ஓப்பன்ஓசிடி அமைப்பில் அந்த எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

போர்டே இல்லையென்றாலும் கவலையில்லை. கணினியிலேயே போர்டைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருளில் எல்எம்3எஸ்6965 போர்டு இருக்கிறது. அதுவும் கார்டெக்ஸ்-எம்3தான். ஃபிளாஷ் முகவரி 0-இல் தொடங்கும், 256 கேபி. ரேம் 64 கேபி. எல்இடி, சீரியல் முகவரிகள் மாறும், கெர்னல் பகுதியில் ஒரு வரியும் மாறாது.

மெயினுக்கு முன்னால்

சிப் விழித்ததும் ஃபிளாஷின் முதல் 4 பைட்டை எடுத்து ஸ்டாக் பாயிண்டரில் போட்டுக்கொள்கிறது. ஸ்டாக் என்பது தற்காலிகத் தரவை அடுக்கும் ரேம் பகுதி, அதன் முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டர் (சிபியுவுக்குள் உள்ள சின்ன நினைவிடம்) ஸ்டாக் பாயிண்டர். அடுத்த 4 பைட்டில் உள்ள முகவரிக்குத் தாவுகிறது. இந்த அட்டவணைக்குப் பெயர் வெக்டார் டேபிள். நமக்கு வேண்டிய இடங்கள்: 0 ஆரம்ப ஸ்டாக், 1 ரீசெட், 3 ஹார்ட்ஃபால்ட், 11 எஸ்விசி (நிரலே ஒரு கட்டளையால் கிளப்புவது), 14 பென்ட்எஸ்வி (டாஸ்க் மாற்றத்துக்கு), 15 சிஸ்டிக் (சிப்பின் உள் டைமர்). 16-இலிருந்து டைமர், சீரியல் போன்ற வெளி இன்டரப்ட்கள், அதாவது ஓடும் வேலையை நிறுத்திக் கவனம் கேட்கும் அழைப்புகள்.

லிங்கர் ஸ்கிரிப்டில் (எது எந்த முகவரியில் என்று சொல்லும் ஃபைல்) ஃபிளாஷ் ஹெக்ஸ் 08000000-இல், ரேம் ஹெக்ஸ் 20000000-இல். 20 கேபி என்பது ஹெக்ஸில் 5000, ஆகவே ஆரம்ப ஸ்டாக் 20005000. ரீசெட் ஃபங்ஷன் இரண்டே வேலை செய்து மெயினைக் கூப்பிடும்: ஆரம்ப மதிப்புள்ள மாறிகளை ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகல் எடுக்கும், மதிப்பில்லாத மாறிகளின் பகுதியைப் பூஜ்யமாக்கும்.

இந்தச் சின்ன இடத்தில் மூன்று பொறிகள். பயன்படாத பகுதிகளை வெட்டும் லிங்கர் ஆப்ஷனைப் போட்டிருந்தால், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத வெக்டார் டேபிளையும் அது வெட்டி எறிந்துவிடும். லிங்கர் ஸ்கிரிப்டில் அந்தப் பகுதியைச் சுற்றி 'கீப்' போடுங்கள். அடுத்தது, டேபிளில் உள்ள ஃபங்ஷன் முகவரிகள் எல்லாம் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், ஏனென்றால் கடைசி பிட் தம்ப் முறையை, அதாவது இந்தச் சிப்புக்குப் புரியும் ஒரே கட்டளை வகையைக் குறிக்கிறது. சி ஃபங்ஷனுக்குக் கம்பைலரே இதைச் செய்யும். அசெம்பிளியில் எழுதிய ஹேண்ட்லருக்கு 'தம்ப் ஃபங்க்' குறிப்பு விட்டுப்போனால் முகவரி இரட்டைப்படையாகி, அங்கே தாவிய நொடியே ஃபால்ட். மூன்றாவது கொஞ்சம் கள்ளத்தனமானது. பூஜ்யமாக்கும் லூப்பைப் பார்த்து ஜிசிசி 'இது மெம்செட் வேலை' என்று தானாக மெம்செட்டைக் கூப்பிடும்படி மாற்றும். அந்த மெம்செட்டை நீங்களே லூப் வைத்து எழுதியிருந்தால் அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு ஸ்டாக்கைத் தின்று தீர்க்கும். லூப்களை இப்படி அடையாளம் காணும் ஆப்டிமைசேஷனை அந்த ஃபைலுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

சோதனை எளிது. போர்டின் எல்இடி பிசி13-இல், அதாவது போர்ட் சி-யின் 13-ஆம் காலில் இருக்கிறது. ஹெக்ஸ் 40021018 முகவரியில் 4-ஆம் பிட்டை ஏற்றினால் போர்ட் சி-க்கு கிளாக் வரும். 40011004 முகவரியில் 20 முதல் 23 வரையிலான பிட்களில் 2 என்று எழுதினால் அந்தக் கால் அவுட்புட் ஆகும். பிறகு 40011010-இல் 29-ஆம் பிட்டை எழுதினால் எல்இடி எரியும், 13-ஆம் பிட்டை எழுதினால் அணையும். தலைகீழாகத் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம், அந்த எல்இடி 0 வோல்ட்டில்தான் எரியும். கிளாக்கைத் திறக்காமல் மற்ற ரெஜிஸ்டர்களில் எழுதினால் எந்தப் பிழையும் வராது, எதுவும் நடக்கவும் நடக்காது.

சீரியலையும் இப்போதே எழுப்பிவிடுங்கள். கிளாக்கைத் தொடாவிட்டால் சிப் உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 115200 வேகத்துக்கு பாட் ரெஜிஸ்டரில் 69 போடுங்கள், பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழ். 72 மெகாஹெர்ட்ஸ் ஆசையைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். கெர்னல் ஓடாமல் கிளாக்கையும் மாற்றினால் எது பிழை என்றே தெரியாது.

டிக்

சிஸ்டிக் 24 பிட் கீழ்நோக்கி எண்ணும் கவுண்டர். 8 மெகாஹெர்ட்ஸில் 1 மில்லிநொடிக்கு 7999 போடுங்கள், 8000 அல்ல. பூஜ்யத்தையும் சேர்த்து எண்ணுவதால் ஒன்று குறைய வேண்டும். கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் 7 எழுதினால் ஓட ஆரம்பிக்கும். ஹேண்ட்லரில் ஒரு கவுண்டரை ஏற்றினால் போதும். அந்தக் கவுண்டருக்கு 'வாலட்டைல்' போட மறந்தால் ஆப்டிமைசேஷன் இல்லாதபோது எல்லாம் சரியாக ஓடும், ஓ2 போட்டதும் காத்திருக்கும் லூப் முடிவில்லாமல் சுற்றும்.

இந்தக் கவுண்டர் 32 பிட் என்றால் 49 நாள் 17 மணி நேரத்தில் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். நேரத்தை ஒப்பிடும்போது 'இப்போதைய நேரம் விழிக்கும் நேரத்தைவிடப் பெரிதா' என்று கேட்காதீர்கள். இரண்டையும் கழித்து, விடையை சைன் உள்ள எண்ணாக மாற்றி, அது பூஜ்யம் அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மேஜையில் இந்தப் பிழை தலைகாட்டாது. களத்தில் வைத்த கருவி ஏழு வாரம் கழித்துத் தூங்கியே போகும்.

ஒரு டாஸ்க் என்றால் 64 பைட்

கெர்னலின் இதயம் இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை நிறுத்திவிட்டுப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர, 16 ரெஜிஸ்டர் மதிப்புகளை அதனதன் ஸ்டாக்கில் வைத்தால் போதும். இன்டரப்ட் வரும்போது ஹார்ட்வேரே எட்டை வைத்துவிடும்: ஆர்0, ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்12, எல்ஆர் (திரும்பும் முகவரி), பிசி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி), எக்ஸ்பிஎஸ்ஆர் (சிபியுவின் நிலை). மீதி எட்டு, அதாவது ஆர்4 முதல் ஆர்11 வரை, நம் பொறுப்பு. மொத்தம் 64 பைட்.

இன்னும் ஓடவே தொடங்காத டாஸ்க்குக்கு, அது ஏற்கெனவே ஓடி இடையில் நின்றது போல ஒரு பொய் ஸ்டாக்கை நாமே தயாரிக்க வேண்டும். ஸ்டாக்கின் உச்சியை 8-ஆல் வகுபடும் முகவரியாக எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழே இந்த வரிசையில் எழுதுங்கள். முதலில் எக்ஸ்பிஎஸ்ஆர், மதிப்பு ஹெக்ஸ் 01000000. அடுத்து பிசி, டாஸ்க் ஃபங்ஷனின் முகவரி, ஆனால் கடைசி பிட்டை அழித்துவிட்டு. அடுத்து எல்ஆர், டாஸ்க் தவறி முடிந்துபோனால் போய் விழ ஒரு ஃபங்ஷன். அது சீரியலில் பெயரைச் சொல்லிவிட்டு நின்றால் போதும். அதன் பின் ஆர்12, ஆர்3, ஆர்2, ஆர்1, கடைசியில் ஆர்0. ஆர்0-வில் டாஸ்க்குக்குக் கொடுக்க வேண்டிய ஆர்கியுமென்ட். அதன் கீழ் ஆர்11 முதல் ஆர்4 வரை எட்டு இடம். அங்கே வந்து நிற்கும் முகவரிதான் டாஸ்க்கின் ஸ்டாக் பாயிண்டர்.

எக்ஸ்பிஎஸ்ஆரில் அந்த 1 என்பது 24-ஆம் பிட், தம்ப் பிட். இதைப் பூஜ்யமாக விட்டால் முதல் டாஸ்க் ஒரு கட்டளையைக்கூட ஓட்டாமல் ஃபால்ட் அடிக்கும். ஸ்டாக் 8-ஆல் வகுபடாமல் இருந்தால் உடனே எதுவும் கெடாது. டபுள் எண்ணையோ 64 பிட் எண்ணையோ பிரிண்ட் செய்யும்போது அர்த்தமில்லாத எண்கள் வரும், நீங்கள் பிரிண்ட்எஃப்-ஐத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டாஸ்க்கின் விவரங்களை வைக்கும் ஸ்ட்ரக்டில் ஸ்டாக் பாயிண்டரை முதல் உறுப்பாக வையுங்கள். அசெம்பிளியிலிருந்து எடுக்கும்போது ஆஃப்செட் கணக்கு வேண்டியிருக்காது. மற்ற உறுப்புகள்: முன்னுரிமை, விழிக்கும் நேரம், பெயர், ஸ்டாக்கின் அடிமுகவரி.

மாற்றும் இடம்

டாஸ்க் மாற்றத்தை சிஸ்டிக்கிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சிஸ்டிக் நேரத்தை மட்டும் எண்ணட்டும். மாற்றம் வேண்டுமென்றால் ஐசிஎஸ்ஆர் ரெஜிஸ்டரின் 28-ஆம் பிட்டை ஏற்றிவிட்டு வெளியே வரட்டும். அந்தப் பிட் பென்ட்எஸ்வி இன்டரப்டைக் கிளப்பும், மாற்றம் அங்கே நடக்கும்.

பென்ட்எஸ்வி ஹேண்ட்லர் அசெம்பிளியில் இப்படிப் போகும். பிஎஸ்பி-யை, அதாவது டாஸ்க்குகளுக்கென உள்ள ஸ்டாக் பாயிண்டரை, ஆர்0-வில் எடு. ஆர்0-விலிருந்து கீழ்நோக்கி ஆர்4 முதல் ஆர்11 வரை சேமி. ஆர்0-வை இப்போதைய டாஸ்க்கின் ஸ்ட்ரக்டில் எழுது. எல்ஆரையும் கூடவே இன்னொரு ரெஜிஸ்டரையும் புஷ் செய்துவிட்டு, அடுத்த டாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் சி ஃபங்ஷனைக் கூப்பிடு, திரும்பியதும் பாப் செய். புதிய டாஸ்க்கின் ஸ்டாக் பாயிண்டரை ஆர்0-வில் எடு. ஆர்4 முதல் ஆர்11 வரை மீட்டெடு. ஆர்0-வைப் பிஎஸ்பி-யில் போடு. எல்ஆரில் உள்ள இடத்துக்குத் தாவு. எல்ஆரைக் காப்பாற்றாமல் சி ஃபங்ஷனைக் கூப்பிட்டால் திரும்பும் வழியே போய்விடும். இரண்டு ரெஜிஸ்டராகப் புஷ் செய்வது 8 பைட் கணக்கைக் காப்பாற்றத்தான். ஹேண்ட்லரைச் சி ஃபங்ஷனுக்குள் அசெம்பிளியாக எழுதினால் 'நேக்கட்' என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் கம்பைலர் தன் பங்குக்கு முன்னும் பின்னும் புஷ், பாப் சேர்த்துவிடும்.

முதல் டாஸ்க்குக்கு மாறும்போது சேமிக்க எதுவும் இல்லை. அதனால் மெயினின் கடைசியில் ஒரு எஸ்விசி கட்டளை. அதன் ஹேண்ட்லர் முதல் டாஸ்க்கின் ரெஜிஸ்டர்களை எடுத்து, பிஎஸ்பி-யை அமைத்து, எல்ஆரில் ஹெக்ஸில் ஏழு எஃப்-பும் கடைசியில் ஒரு டி-யும் உள்ள மதிப்பைப் போட்டுத் தாவும். 'டாஸ்க் முறைக்குத் திரும்பு, பிஎஸ்பி ஸ்டாக்கை எடுத்துக்கொள்' என்பது அதன் பொருள். கடைசி எழுத்து 9 என்றால் மெயின் ஸ்டாக்குக்குத் திரும்பும், 1 என்றால் இன்னொரு இன்டரப்டுக்குள் திரும்பும். ஜிடிபி-யில் எல்ஆரைப் பார்த்ததும் இந்தக் கடைசி எழுத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இன்னொன்று: மெயினில் இன்டரப்ட்களை மொத்தமாக அணைத்து வைத்துவிட்டு எஸ்விசி போட்டால் நேராக ஹார்ட்ஃபால்ட். அதற்கு முந்தைய வரியில் திறந்துவிட வேண்டும்.

முன்னுரிமைக் கணக்கு

சொந்தக் கெர்னல்கள் அதிகம் உடையும் இடம் இதுதான், அதிலும் மோசம் என்னவென்றால் தாமதமாக உடையும். ரீசெட்டில் எல்லா இன்டரப்ட்களுக்கும் முன்னுரிமை 0, அதாவது மிக உயர்ந்தது. எல்லாம் சமமாக இருப்பதால் ஒன்றை இன்னொன்று இடைமறிக்காது, பென்ட்எஸ்வி தற்செயலாகச் சரியாகவே ஓடும். பிறகு ஒரு நாள் சீரியல் இன்டரப்டுக்கு 5 என்று முன்னுரிமை வைக்கிறீர்கள். இப்போது பென்ட்எஸ்வி அதைவிட உயர்ந்தது. சீரியல் ஹேண்ட்லர் பாதியில் இருக்கும்போது பென்ட்எஸ்வி உள்ளே புகுந்து ஆர்4 முதல் ஆர்11 வரை மாற்றிவிட்டுப் போகும். சீரியல் ஹேண்ட்லர் வேறு டாஸ்க்கின் மதிப்புகளோடு தொடரும். எப்போது வெடிக்கும் என்று சொல்லவே முடியாது.

பென்ட்எஸ்வி-க்கு எப்போதும் கடைசி முன்னுரிமை. இந்தச் சிப்பில் 8 பிட் இடத்தில் மேல் 4 பிட்தான் வேலை செய்யும். கடைசி முன்னுரிமை 15 என்று நினைத்து 15 எழுதினால் கீழ் நான்கு பிட்களில் விழுந்து காணாமல் போகும், முன்னுரிமை 0-வாகவே இருக்கும். 240 அல்லது 255 எழுதுங்கள். எழுதிய பின் திரும்பப் படித்துப் பாருங்கள், 240 வர வேண்டும்.

இப்போது சோதனை. இரண்டு டாஸ்க்குகள், இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை. ஒவ்வொன்றும் ஆர்4 முதல் ஆர்11 வரை தனக்கே உரிய எண்களை நிரப்பி, சுற்றிச் சுற்றி அதே எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று மாறினாலும் எல்இடி எரிந்து நிற்க வேண்டும். இதை இரவு முழுக்க ஓட விடுங்கள். எல்இடி மினுக்குவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தால் போதாது, அந்த டாஸ்க்கில் பாழாக அதிகம் ரெஜிஸ்டர் இல்லை.

தூக்கமும் தேர்வும்

எந்த டாஸ்க் தயார் என்பதை 32 பிட் எண் ஒன்றில் வையுங்கள், முன்னுரிமைக்கு ஒரு பிட். கார்டெக்ஸ்-எம்3-இல் முன்னால் எத்தனை பூஜ்யம் என்று எண்ண ஒற்றைக் கட்டளை உண்டு. 31-இலிருந்து அதைக் கழித்தால் உயர்ந்த முன்னுரிமை கிடைத்துவிடும், லூப் தேவையில்லை. இங்கே இன்டரப்டுக்கு நேர்மாறாக, எண் பெரிதானால் முன்னுரிமை உயர்ந்தது. தூங்கும் டாஸ்க்கின் பிட் அணைந்திருக்கும், விழிக்கும் நேரம் வந்ததும் சிஸ்டிக் அதை ஏற்றும். எப்போதும் ஏறியே இருக்கும் 0-ஆம் பிட், வேறு எதுவும் ஓடாதபோது ஓடும் ஐடில் டாஸ்க்குக்கு. அதில் டபிள்யூஎஃப்ஐ கட்டளை (இன்டரப்ட் வரும்வரை சிபியுவைத் தூங்கவைப்பது) மட்டும் ஒரு லூப்பில் போடுங்கள். டபிள்யூஎஃப்ஐ வந்த பிறகு எஸ்டி-லிங்க் இணைய மறுக்கலாம், ஏனென்றால் சிப் பெரும்பாலும் தூங்குகிறது. ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி இணையுங்கள். உருவாக்கும் காலத்தில் தூக்கத்திலும் டீபக் இயங்கும் பிட்டை ஏற்றி வைப்பது நிம்மதி.

முன்னுரிமையை முக்கியத்துவம் பார்த்துக் கொடுக்காதீர்கள். அடிக்கடி ஓட வேண்டிய டாஸ்க்குக்கு உயர்ந்தது, எப்போதாவது ஓடுவதற்குத் தாழ்ந்தது. லியூ, லேலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-இல் காட்டிய கணக்குப்படி, ஒன்றையொன்று சாராத மூன்று டாஸ்க்குகளை இப்படி அமைத்து, மொத்த சிபியு பயன்பாடு 78 சதவீதத்துக்குள் இருந்தால் எந்த டாஸ்க்கும் கெடு தவறாது.

பூட்டு

இரண்டு டாஸ்க்குகள் தொடும் பொதுத் தரவைக் காக்க, சின்னக் கெர்னலுக்கு இன்டரப்டைச் சில கட்டளை நேரம் அணைப்பதே போதும். ஆனால் 'அணை', பிறகு 'திற' என்று எழுதாதீர்கள். ஏற்கெனவே அணைந்த இடத்திலிருந்து கூப்பிட்டால் உள்ளே இருக்கும் 'திற' முன்கூட்டியே திறந்துவிடும். பழைய நிலையைப் படித்து வைத்து, முடிவில் அதையே திரும்ப எழுதுங்கள்.

நீண்ட நேரம் பிடிக்கும் பூட்டுக்கு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரே டாஸ்க் பிடிக்கக்கூடிய பூட்டு) வேண்டும், அதில் முன்னுரிமை மரபுரிமை இல்லாமல் விடாதீர்கள். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் தானாகவே ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது இதனால்தான். வானிலைத் தரவு எடுக்கும் தாழ்ந்த டாஸ்க் பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தர டாஸ்க்குகள் அதை ஓடவிடாமல் செய்ய, பூட்டுக்காகக் காத்திருந்த உயர்ந்த டாஸ்க் கெடு தவறியது. அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் அந்த வசதி இருந்தும் அந்தப் பூட்டுக்கு அணைந்திருந்தது. பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தார்கள். கெர்னலில் செய்ய வேண்டியது எளிது: பூட்டுக்காக உயர்ந்த டாஸ்க் காத்திருந்தால், பூட்டைப் பிடித்திருப்பவருக்கு அந்த முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடு, விட்டதும் பழையதற்கு இறக்கு.

ஸ்டாக், ஃபால்ட், வாட்ச்டாக்

20480 பைட்டில் மெயின் ஸ்டாக்குக்கு 1024, ஐடிலுக்கு 256, பிரிண்ட்எஃப் வகை எதையும் தொடாத டாஸ்க்குக்கு 512, தொடுவதற்கு 1024-க்குக் குறையாமல். உருவாக்கும்போது ஸ்டாக் முழுவதையும் ஹெக்ஸ் 55555555 என்று நிரப்புங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் அடியில் உள்ள 16 பைட் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் ஓடிய பின் எத்தனை 5-கள் மிச்சம் என்று எண்ணினால் சரியான அளவு தெரியும். மால்லாக் (ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்குவது) வேண்டாம்; எல்லா ஸ்டாக்குகளும் நிலையான அரேக்களாகவே இருக்கட்டும்.

ஹார்ட்ஃபால்ட் ஹேண்ட்லரை வெறும் முடிவில்லா லூப்பாக விடாதீர்கள். எல்ஆரின் 2-ஆம் பிட் ஏறியிருந்தால் ஃபால்ட் டாஸ்க்கிலிருந்து வந்தது, பிஎஸ்பி-யைப் பாருங்கள். இல்லையென்றால் மெயின் ஸ்டாக். அந்த ஸ்டாக்கில் 24 பைட் தள்ளி இருப்பது ஃபால்ட் ஆன பிசி. அதை சீரியலில் அச்சிட்டு, கணினியில் ஆட்ர்2லைன் கருவியிடம் கொடுத்தால் எந்த ஃபைல், எந்த வரி என்று சொல்லிவிடும். ஃபால்ட்டின் காரணத்தைக் காட்டும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரையும் அச்சிடுங்கள். 17-ஆம் பிட் ஏறியிருந்தால் தம்ப் பிட் பிரச்சினை. 18 என்றால் எல்ஆரில் தவறான மதிப்பு. 10 என்றால் தவறான முகவரியில் எழுதியது, ஆனால் அச்சான பிசி சில கட்டளைகள் தள்ளிப் போயிருக்கும், அதற்கு முந்தைய வரிகளில் தேடுங்கள்.

குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்தான் வாட்ச்டாக். அதை சிஸ்டிக்கிலிருந்து தட்டுவது வாட்ச்டாக் இல்லாததற்குச் சமம். எல்லா டாஸ்க்குகளும் செத்துக் கிடந்தாலும் சிஸ்டிக் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு டாஸ்க்கும் தன் சுற்று முடிந்ததும் ஒரு பிட் ஏற்றட்டும். ஐடிலுக்கு ஒரு படி மேலே உள்ள டாஸ்க் எல்லாப் பிட்டும் ஏறியதைப் பார்த்த பிறகே தட்டி, பிட்களை அழிக்கட்டும்.

வேறு சிப்புக்குக் கொண்டுபோனால்

கார்டெக்ஸ்-எம்0-வில் ஒரே கட்டளையில் ஆர்8 முதல் ஆர்11 வரை சேமிக்க முடியாது. அவற்றை முதலில் கீழ் ரெஜிஸ்டர்களுக்கு நகர்த்திச் சேமிக்க வேண்டும். பூஜ்யம் எண்ணும் கட்டளையும் சிஎஃப்எஸ்ஆரும் அங்கே கிடையாது. கார்டெக்ஸ்-எம்4-இல் ஃப்ளோட்டிங் பாயிண்ட் யூனிட்டை இயக்கியிருந்தால் ஹார்ட்வேர் வைக்கும் 8 சொற்கள் 26 ஆகலாம். எல்ஆரின் 4-ஆம் பிட் பூஜ்யமாக இருந்தால் அந்த டாஸ்க் ஃப்ளோட் பயன்படுத்தியிருக்கிறது. எஸ்16 முதல் எஸ்31 வரை நீங்களும் சேமிக்க வேண்டும். எல்லா டாஸ்க்குக்கும் இந்தப் பிட் ஒன்றுபோல இருக்காது என்பதால், மற்ற ரெஜிஸ்டர்களோடு எல்ஆரையும் டாஸ்க்கின் ஸ்டாக்கிலேயே சேமித்து, அங்கிருந்தே மீட்டெடுங்கள். தொடக்க ஸ்டாக்கைத் தயாரிக்கும் ஃபங்ஷனிலும் அதற்கு ஓரிடம் கூட்ட மறக்காதீர்கள்.